தை மாசம் நட்டுடுங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி தோண்டிடுங்க: மரவள்ளி கேள்வி பதில்

போன இதழ்ல சேப்பங்கிழங்கு பத்தி எழுதினேன், ஆனா வந்த கேள்வியில முக்கால்வாசி மரவள்ளி பத்திதான். கடலூர் பக்கமும் பாண்டி பக்கமும் இத்தனை பேர் வீட்டுக் கொல்லையில மரவள்ளி வெச்சிருக்கீங்கன்னு பாக்க ரொம்ப சந்தோஷம், அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

அக்கா, வணக்கம். கேரளா வீடியோ பாத்து வைகாசில மேடு கட்டி மரவள்ளி நட்டேன். செடி ஆள் உயரத்துக்கு மேல நல்லா வந்துச்சு. கார்த்திகை மழை விட்டப்புறம் தோண்டினா பாதிக் கிழங்கு கொழகொழன்னு அழுகி ஒரே நாத்தம். போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு. எங்க மண்ணு இதுக்கு ஆவாதா? — வாசகி, வில்லியனூர்

மண்ணு மேல பழி போடாதம்மா, நீ நட்ட மாசம்தான் தப்பு. கேரளாவுல பெரிய மழை வைகாசி பாதிக்கு மேல ஆரம்பிக்குது, அவங்க அந்த மழையில செடியைப் பிடிக்க வெச்சு, மழை ஓய்ஞ்சப்புறம் கிழங்கு பருக்க விடறாங்க. அவங்க ஊருக்கு அது சரியான கணக்கு. நம்ம ஊருல வருஷத்து மழையில பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசத்துலயே கொட்டி முடிஞ்சுடுது. நீ வைகாசில நட்டா ஐப்பசில செடிக்கு அஞ்சு மாசம் முடிஞ்சு கிழங்கு நல்லா பருக்கற நேரம், சரியா அப்ப பார்த்து வேர் தண்ணில நிக்குது. மரவள்ளி வெயிலைத் தாங்கும், தண்ணி இல்லாத காய்ச்சலைத் தாங்கும், காத்துல சாஞ்சா கூட சில சமயம் நிமிர்ந்துக்கும், ஆனா வேர்ல தண்ணி நின்னா மட்டும் தாங்காது. ரெண்டு மூணு நாள் தேங்கினாலே கிழங்குக்கு மூச்சு முட்டி அழுகல் உள்ள புகுந்துடும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பாண்டில ஒரே நாள்ல 45 செமீக்கு மேல மழை கொட்டுச்சு, அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து விட்டதுல தென்பெண்ணை ஓரம் இருந்த கொல்லை எல்லாம் முழுகிப்போச்சு. 2011ல டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2015 நவம்பர்ல கடலூர் வெள்ளம், எல்லாம் இதே மூணு மாசத்துக்குள்ளதான். வருஷா வருஷம் புயல் வருதோ இல்லையோ, வரும்னு வெச்சுதான் இந்தக் கரையோரத்துல கிழங்கு போடணும்.

அதனால பொங்கல் முடிஞ்ச கையோட நடு. தையில மழை ஓய்ஞ்சு மண்ணுல ஈரம் மட்டும் மிச்சம் இருக்கும், குளிரும் விட ஆரம்பிக்கும், கரணை (நடறதுக்கு வெட்டின தண்டுத் துண்டு) முளைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. தைல நட்டா புரட்டாசி கடைசில ஒம்போது மாசம், பெரும்பாலான ரகத்துக்கு அது போதும். தையில முடியலன்னா மாசிக்குள்ள நட்டுடு. பங்குனி வரைக்கும் தள்ளிப்போச்சுன்னா ஆறு ஏழு மாசத்துல வர்ற ரகமா பார்த்துப் போடு, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தோட ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா ரெண்டும் அந்த வகை, வேகவெச்சா மாவா வெந்து சாப்பிடவும் நல்லா இருக்கும்.

இப்படி நட்டா பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் நீதான் தண்ணி காட்டணும், அதை மட்டும் ஒத்துக்கணும். நட்ட அன்னிக்கு ஒரு தண்ணி, மூணாம் நாள் ஒரு தண்ணி, அப்புறம் மூணு மாசம் வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை. அதுக்கப்புறம் வேர் கீழ போயிடும், மூணு வாரத்துக்கு ஒரு தண்ணி விட்டாலும் தாக்குப் பிடிக்கும். ஆடி ஆவணில வர்ற சாயங்கால இடிமழையே பல நாள் போதும்.

மண்ணு பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா பலபேர் கேட்டிருக்கீங்க. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், இந்தப் பக்கம் காலாப்பட்டு, வானூர் செம்மண் எல்லாம் மரவள்ளிக்குன்னே இருக்கற மண்ணு, கண்ணை மூடிட்டு நடலாம். பாகூர் மாதிரி நெல்லு விளையற களிமண்ணா இருந்தா முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஆத்துமணல் இல்லன்னா செம்மண்ணு, மக்கின எரு கலந்து பொலபொலன்னு ஆக்கிட்டு நடுங்க. கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம் மாதிரி கடல் ஓரத்து மணல்ல மரவள்ளி வரும், ஆனா போர் தண்ணி உப்பா இருந்தா இலை ஓரம் கருகும், அங்கெல்லாம் குழாய்த் தண்ணியோ பிடிச்சு வெச்ச மழைத்தண்ணியோ இருந்தா மட்டும் செய்ங்க.

அக்கா, நாங்க கரும்பு போடறவங்க. கரும்புக் கரணை மாதிரியே மரவள்ளிக் குச்சியையும் படுக்க வெச்சு மூடலாமா? குச்சி எப்படிப் பாத்து வாங்கறது? — வாசகர், நெல்லிக்குப்பம்

படுக்க வெச்சாலும் முளைக்கும் தம்பி, ஆனா கிழங்கு நாலாபக்கமும் தாறுமாறா ஓடி, தோண்டும்போது உடையும். நிக்க வெச்சு நடறதுதான் சரி. ஒரு சாண் நீளக் கரணை, அதாவது 15லேர்ந்து 20 செமீ, எட்டுலேர்ந்து பத்து கண்ணு இருக்கணும், மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள இறக்கி சுத்தி அழுத்தி விடுங்க.

குச்சி பாக்கறதுல கொஞ்சம் பொறுமை வேணும். எட்டு மாசம் முத்தின செடியோட நடுத்தண்டு எடுங்க. மேல் பக்கம் பச்சையா இருக்கற இளந்தண்டு அழுகிடும், அடித்தண்டு கட்டையா முத்தி லேட்டா முளைக்கும். குறுக்க வெட்டிப் பாத்தா நடுவுல வெள்ளையா நெட்டி மாதிரி சோறு தெரியும், அந்தச் சோறு தண்டோட அகலத்துல பாதிக்கு மேல இல்லாம இருந்தா சரியான முத்தல். வெட்டின இடத்துல பால் சொட்டணும், நகத்தால லேசா கீறினாலும் பால் கசியணும், பால் வரலன்னா அந்தக் குச்சி காய்ஞ்சுபோச்சு, சும்மா குடுத்தாலும் வேணாம்.

வெட்டறப்போ கூரான கத்தி, இல்லன்னா ஹாக்ஸா பிளேடு. அருவாளால கட்டை மேல வெச்சு கொத்தாதீங்க, தண்டு நார்நாரா பொளந்துடும், பொளந்த இடத்துல பூஞ்சாணம் ஏறும். அடிப்பக்கம் நேரா வட்டமா வெட்டணும், ஏன்னா அந்த வெட்டுவாய் ஓரத்துலேர்ந்துதான் சுத்திலும் வேர் விட்டு கிழங்கு பிடிக்கும், சாய்ச்சு வெட்டினா ஒரே பக்கமா கொத்தா பிடிச்சுடும். எது மேல் எது கீழ்னு குழப்பமா இருந்தா இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்க, தழும்புக்கு மேல் பக்கமாத்தான் கண்ணு இருக்கும். தலைகீழா நட்டா முளைப்பு திணறும்.

நடறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் தண்ணில ஒரு கிராம் கார்பென்டசிம்ங்கற பூஞ்சாண மருந்து கலந்து கால்மணி நேரம் ஊற வெச்சா அழுகல் குறையும். செடிக்குச் செடி மூணு அடி விடுங்க, வீட்டுல இடம் கம்மின்னு நெருக்கி நட்டா விரல் தண்டிக்குத்தான் கிழங்கு வரும். முளைக்காததை இருவது நாளுக்குள்ள மாத்தி நட்டுடுங்க. ரெண்டாவது மாசம் எதிரெதிர் பக்கமா ரெண்டு நல்ல தண்டை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க.

இலை எல்லாம் மஞ்சளும் பச்சையுமா திட்டுத்திட்டா, சுருங்கி கோணலா வருதுக்கா. சத்து கம்மியா? என்ன ஸ்பிரே அடிக்கணும்? — வாசகி, குறிஞ்சிப்பாடி

இது சத்துக் குறைவு இல்லம்மா, தேமல் நோய். வைரஸ். எந்த ஸ்பிரேயும் இதை சரி பண்ணாது, யாராவது மருந்து இருக்குன்னு விக்க வந்தா காசு குடுக்காத. வெள்ளை ஈ ஒரு செடிலேர்ந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போகும், ஆனா அதைவிட அதிகமா பரப்பறது நாமதான், தேமல் வந்த செடியோட குச்சியை வெட்டி அக்கம்பக்கத்துக்குக் குடுத்து. ஓசில வர்ற குச்சி எல்லாம் ஆசையா வாங்கி நட்டுடறோம், அந்தச் செடி இலையோட இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல.

சின்னதுலயே தேமல் தெரிஞ்ச செடியைப் பிடுங்கி எரிச்சுடு. ஆறு மாசம் கழிச்சு லேசா தெரிஞ்சா விட்டுடலாம், கிழங்கு கிடைக்கும், சாப்பிடறதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அதோட குச்சியை அடுத்த வருஷத்துக்கு எடுக்கவே கூடாது. புதுக் குச்சி வேணும்னா சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நம்ம பக்கம் விருத்தாசலம், குருமாம்பேட்டை வேளாண் அறிவியல் நிலையங்கள்ல முன்கூட்டியே கேட்டு வைங்க. தேமலைத் தாங்கற ரகத்துல ஸ்ரீ ரக்ஷா ஒண்ணு.

இலை ஒரே சீரா வெளிறி நரம்பு மட்டும் பச்சையா இருந்து, சுருங்காம கோணாம இருந்தா அது வேற, இரும்புச்சத்து கம்மி. அதுக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு பத்து கிராம் கலந்து ரெண்டாவது மாசமும் மூணாவது மாசமும் தெளிச்சா தெளிஞ்சுடும்.

ஆண்ட்டி, செடி சூப்பரா புஷ்டியா எட்டு அடிக்கு வளந்துச்சு, அம்மா டெய்லி அரிசி கழுவின தண்ணி, மாசாமாசம் மாட்டுச் சாணம், கொஞ்சம் யூரியாவும் போட்டாங்க. தோண்டினா பென்சில் மாதிரி வேர்தான் இருக்கு. ஏன்? — மாணவர், லாஸ்பேட்டை

அதிகமா ஊட்டிட்டாங்கப்பா. யூரியாவுலயும் சாணத்துலயும் இருக்கற தழைச்சத்து கூடிப்போனா செடி இலையும் தண்டுமா வளந்துட்டே போகும், கீழ சேமிக்கறதுக்கு அதுக்கு அவசரமே வராது. மரவள்ளி கேக்கறது சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். தண்ணி பாய்ச்சற மரவள்ளிக்கு பரிந்துரையே ஹெக்டேருக்கு தழைச்சத்து 90 கிலோன்னா சாம்பல்சத்து 240 கிலோ, ரெண்டரை மடங்குக்கு மேல, அதுலேர்ந்தே புரிஞ்சுக்கலாம். வீட்டுக் கணக்குல செடிக்கு ரெண்டு கிலோ மக்கின தொழுவுரம் நடும்போதே, அதோட 15 கிராம் பொட்டாஷ், மூணாவது மாசம் மண்ணு அணைக்கறப்போ இன்னொரு 15 கிராம். கடை உரம் வேணாம்னா விறகு அடுப்புச் சாம்பல் ரெண்டு மூணு கைப்பிடி தண்டை விட்டுத் தள்ளி வட்டமா போட்டு மண்ணைக் கொத்தி விடுங்க. மல்லாட்டை (வேர்க்கடலை) புண்ணாக்கு கரைச்சு ஊத்தற பழக்கம் நம்ம பக்கம் இருக்கே, கத்தரிக்கும் ரோஜாவுக்கும் ஊத்துங்க, மரவள்ளிக்கு வேணாம்.

இன்னொண்ணும் கேக்கணும், செடி மேல வெயில் விழுதா? லாஸ்பேட்டைல ரெண்டு மாடி வீட்டுக்கு நடுவுல இருக்கற சந்துல வெச்சா செடி வெளிச்சம் தேடி எட்டடி போகும், கிழங்கு வைக்காது. நாள் முழுக்க வெயில் படற இடம் இல்லன்னா மரவள்ளியை விட்டுட்டு சேப்பங்கிழங்கு போடுங்க, அது நிழலைப் பொறுத்துக்கும்.

மாடில வெக்கலாமா அக்கா? — வாசகி, முத்தியால்பேட்டை

வெக்கலாம். பெயின்ட் பக்கெட் பத்தாது, 50 லிட்டர் பிடிக்கற டிரம்மோ பெரிய குரோ பேகோ வேணும், ஒண்ணுக்கு ஒரே செடி. அடியில ஓட்டை நிறைய போட்டு, கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சமா, செம்மண்ணையும் எருவையும் அதிகமா கலக்குங்க, வெறும் கோகோபீட்ல செடி காத்துக்கு நிக்காது. ரெண்டு மூணு கிலோ கிழங்கு வந்தாலே நல்ல விளைச்சல்னு எடுத்துக்கோங்க. சித்திரைல மாடிச் சூட்டுக்கு சிவப்புச் சிலந்தி வரும், இலை அடியில பொடிப்பொடியா நகரும், காலைல இலை அடியில படற மாதிரி தண்ணியை வேகமா பீச்சி அடிச்சா போயிடும்.

அம்மா, வணக்கம். நான் ரிட்டயர்டு ஆசிரியர். மரவள்ளியில் சயனைடு விஷம் இருப்பதாகப் பேரன் சொல்கிறான், வீட்டில் இனி சமைக்கவே கூடாது என்று மருமகளும் பயப்படுகிறாள். நாங்கள் சின்ன வயதில் இருந்து சாப்பிட்டவர்கள். எது உண்மை? — வாசகர், மஞ்சக்குப்பம்

பேரன் சொல்றதும் உண்மை, நீங்க இத்தனை வருஷம் நல்லா இருக்கறதும் உண்மைங்கய்யா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது சமைக்கற முறை.

கிழங்குல சயனைடு அப்படியே இருக்கறதில்ல. லினமரின்னு ஒரு பொருள் இருக்கு, அதை உடைக்கற என்சைம் தனியா வேற இடத்துல இருக்கு. கிழங்கை நறுக்கினா, துருவினா, கடிச்சா ரெண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிய வரும். அது ரொம்ப லேசுல ஆவியாகற பொருள், 26 டிகிரிலயே கொதிச்சுடும், நம்ம ஊரு வெயிலே அதைவிட ஜாஸ்தி. தண்ணிலயும் கரையும். அதனால நறுக்கி, ஊற வெச்சு, நிறைய தண்ணில திறந்து வெச்சு வேகவிட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா பெரும்பகுதி போயிடுது. நம்ம பாட்டிங்க வேகவெச்ச தண்ணியை வடிச்சுக் கொட்டினதுக்குக் காரணம் இதுதான்.

உங்க மருமகளுக்கு முறையைச் சொல்றேன், அவங்க பயப்படவே வேணாம். கிழங்கோட மேல காகிதம் மாதிரி பழுப்புத் தோல், அதுக்குக் கீழ தடியா வெள்ளையா இல்ல ரோஸா இன்னொரு தோல். கத்தியால நீளவாக்குல ஒரே ஒரு கோடு கீறி, கத்தி முனையை உள்ள விட்டு நெம்பினா ரெண்டு தோலும் சேர்ந்து சுருண்டு கழண்டு வந்துடும், உள்ள வெள்ளைவெளேர்னு வழவழன்னு கிழங்கு. அந்தத் தடித் தோல்லதான் விஷம் கூடுதல், அதனால மேல் தோலை மட்டும் சீவிட்டு விடக் கூடாது. ரெண்டு இஞ்சுத் துண்டா வெட்டி, நடுவுல இருக்கற நரம்பை எடுத்துட்டு, தண்ணியை ஒரு தடவை மாத்தி ஒரு மணி நேரம் ஊற வைங்க. அப்புறம் கிழங்கு முழுகி மேல நாலு விரக்கடை தண்ணி நிக்கற மாதிரி ஊத்தி, மூடி போடாம வேக வைங்க. குக்கர்ல தண்ணி கொஞ்சமா ஊத்தி விசில் விடறது வேணாம், ஆவி உள்ளயே சுத்தும். பாதி வெந்ததும் தண்ணியை வடிச்சுட்டு புதுத் தண்ணியில உப்பு மஞ்சள் போட்டு முழுசா வேக விடுங்க.

அடை, வடைக்குப் பச்சையா துருவறீங்கன்னா துருவினதை ஒரு மணி நேரம் அப்படியே வெச்சு, தண்ணி ஊத்தி அலசி, துணில கட்டி இறுக்கிப் பிழிஞ்சு, அந்தப் பாலைக் கொட்டிடுங்க. அடையை மெல்லிசா தட்டி ரெண்டு பக்கமும் நல்லா சிவக்க விடுங்க. பச்சைக் கிழங்கை கேரட் மாதிரி கடிச்சுத் தின்ன மட்டும் பிள்ளைங்களை விடவே கூடாது.

ரகம் முக்கியம். இனிப்பு ரகத்துல பச்சைக் கிழங்கு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழதான் சயனைடு இருக்கணும்னு சர்வதேச உணவுத் தர அளவு. ஜவ்வரிசி, ஸ்டார்ச் மில்லுக்குன்னு போடற எச்-165, எச்-226 மாதிரி ரகங்கள்ல கசப்பு கூடுதல், சின்னசேலம், ஆத்தூர் பக்கம் காட்டுல போடறது நிறைய அந்த வகை. லாரிலேர்ந்து விழுந்த கிழங்கு, தெரிஞ்சவங்க மில்லுக்கு வெச்சிருந்த கிழங்குன்னு வந்தா வாங்காதீங்க. நல்ல ரகமே தண்ணி இல்லாம காய்ஞ்ச வருஷத்துல கசக்கும். வெந்த கிழங்கு நாக்குல கசந்தா, எவ்வளவு ஆசையா செஞ்சிருந்தாலும் கொட்டிடுங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தலைசுத்தல், வாந்தி, மூச்சு வாங்கறதுன்னு ஏதாவது வந்தா கைவைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி போகணும், என்ன சாப்பிட்டோம்னு டாக்டர்கிட்ட சொல்லணும்.

இன்னொரு விஷயம் உங்க வயசுக்காக சொல்றேன். மரவள்ளில புரதம் ரொம்பக் கம்மி, முழுக்க மாவுச்சத்து. சுகர் இருந்தா ரெண்டு துண்டோட நிறுத்திக்கோங்க, தைராய்டு பிரச்சனை இருக்கறவங்க அடிக்கடி சாப்பிட வேணாம். சாப்பிடறப்போ நெத்திலி குழம்போ, மீன் சாப்பிடாதவங்க சுண்டல், பருப்போ சேர்த்துக்கோங்க. கிழங்கும் மீனும் சேர்ந்தா வயிறும் நிறையும், புரதமும் கிடைக்கும்.

எங்க ஆடு பக்கத்து வீட்டு மரவள்ளி இலையைத் தின்னு அரைமணி நேரத்துல வயிறு உப்பி விழுந்து செத்துப்போச்சு. யாரோ மருந்து வெச்சிட்டாங்கன்னு இவரு சண்டைக்குப் போறாரு. இலையால அப்படி ஆகுமா அக்கா? — வாசகி, பாகூர்

ஆகும்மா. சண்டையை இன்னிக்கே நிறுத்தச் சொல்லு. கிழங்கைவிட இலையில சயனைடு அதிகம், இளந்தளிர்ல இன்னும் அதிகம், ஆடு நறுக்நறுக்னு மென்னு ஒரே மூச்சுல தின்னுடும், வயித்துல மொத்தமா விஷம் வெளிய வந்து மூச்சு முட்டிப் போயிடும். நடுங்கும், தள்ளாடும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், விழும், எல்லாம் நிமிஷக் கணக்குல. ஆடு தின்னதைப் பாத்த உடனே கால்நடை டாக்டருக்கு போன் போடணும், சோடியம் தயோசல்பேட் ஊசி இருக்கு, நேரத்துக்குப் போட்டா பிழைக்கும். பழைய வைத்தியம்னு எண்ணெய் ஊத்தி நேரத்தைப் போக்காதீங்க.

கிழங்கு பறிச்ச அன்னிக்குத்தான் ஆடு அதிகமா சாகும், ஏன்னா வெட்டின தழையைக் குவியலா வேலி ஓரம் போட்டுட்டு நாம கிழங்கு கழுவப் போயிடறோம். தழையை ஆடு மாடு எட்டாத இடத்துல போடுங்க. மரவள்ளி வெச்சவங்க வேலி அடைக்கறதும், ஆடு வெச்சவங்க கட்டிப் போடறதும் ரெண்டு பேர் பொறுப்பு. உன் ஆடு போனதுக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும்மா.

நுனியெல்லாம் கொத்தா சுருண்டு வெள்ளையா பஞ்சு மாதிரி பூச்சி. மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து அடிக்கலாமா? — வாசகர், பண்ருட்டி

வேணாங்க, கொஞ்சம் பொறுங்க. இது மரவள்ளி மாவுப்பூச்சி. 2020ல கேரளா திருச்சூர்ல முதல்ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் சேலம் நாமக்கல் பக்கம் பரவி ஏக்கர் ஏக்கரா நாசம் பண்ணுச்சு. ஆப்பிரிக்காவுல இதே பூச்சியை அடக்கினது அனகைரஸ் லோபேசின்னு ஒரு பொடிக் குளவி, மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வெச்சு அதைக் கொன்னுடும். நம்ம பெங்களூரு வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டுலேர்ந்து அந்தக் குளவியைக் கொண்டு வந்து, 2022ல ஏத்தாப்பூர்ல வெளிய விட்டாங்க. கடுமையான விஷத்தை அடிச்சா முதல்ல சாகறது அந்தக் குளவிதான், மாவுப்பூச்சிக்கு மேல மெழுகு இருக்கறதால அது பாதி தப்பிச்சுக்கும்.

வீட்டுல பத்து செடிதானே இருக்கும், சுருண்ட நுனியை ஒடிச்சு சோப்புத் தண்ணி வாளியில போடுங்க. மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு, ஒரு லிட்டர் தண்ணி, சாயங்காலமா தெளிங்க. எறும்பு ஏறாம பாத்துக்கோங்க, எறும்புங்க மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கும்.

பெருச்சாளி கிழங்கை அடியோட குடைஞ்சுட்டுப் போகுதுக்கா. — கடலூர் புதுநகர்லேர்ந்தும் அரியாங்குப்பத்துலேர்ந்தும் நிறைய பேர்

சாக்கடை ஓரம் இருக்கற கொல்லைக்கெல்லாம் இது பெரிய தலைவலி. மருந்து உருண்டை வெக்காதீங்க, நாயும் பூனையும் ஆந்தையும் சாகும். ஆறாவது மாசத்துலேர்ந்து செடி சுத்தி புல்லு, கட்டை, செங்கல் குவியல் எதுவும் இல்லாம சுத்தமா வெச்சுக்கோங்க, வளை தெரிஞ்சா தண்ணி ஊத்தி மூடுங்க. மேட்டுப்பாத்தி புதுசா போடறவங்க அடியிலயும் பக்கத்துலயும் கோழிவலை விரிச்சு மண்ணு போட்டுடுங்க, ஒரு தடவை செலவுதான்.

தைல நடணும்னு முன்னாடியே சொல்லியிருக்கீங்க. புரட்டாசில தோண்டிட்டா குச்சியை தை வரைக்கும் எப்படிக்கா வெச்சுக்கறது? கிழங்கும் ரெண்டு நாள்ல உள்ள கறுத்துடுது. — வாசகி, வடலூர்

நல்லா கேட்டம்மா, இந்த மூணு நாலு மாசத்துலதான் பலபேருக்கு விதையே போயிடுது. தோண்டறப்போ எல்லாச் செடியையும் தோண்டாத. இருக்கறதுலயே மேடான இடத்துல நிக்கற, தேமல் இல்லாத, கிழங்கு நல்லா பிடிச்சிருக்கும்னு தோணற ஒண்ணு ரெண்டை தாய்ச்செடியா விட்டுடு. கீழ கிழங்கு அழுகினாலும் பரவாயில்ல, நமக்கு வேண்டியது தண்டுதான். கழி ஊணிக் கட்டி, மேல் கொப்பை எல்லாம் கழிச்சு உயரத்தைக் குறைச்சுட்டா புயல் காத்துக்கு சாயாது, அடியில தண்ணி நிக்காம வாய்க்கால் வெட்டி விடு. தையில அந்தத் தண்டு ஒரு வயசு முத்தலா இருக்கும், கரணைக்கு அருமையா வரும்.

கூடவே ஒரு பாதுகாப்புக்கு, வெட்டின நீளத் தண்டு கொஞ்சத்தை இலை கழிச்சு, வேப்பமரத்தடி மாதிரி நிழல்ல, அடிப்பக்கம் நாலு விரக்கடை மண்ணுக்குள்ள இருக்கற மாதிரி நேரா நிக்க வெச்சுக் கட்டி வை. படுக்கப் போட்டு அடுக்கினா மழைக்காலத்துல பூஞ்சாணம் பிடிச்சுடும். நிக்க வெச்சது மேல லேசா துளிர் விட்டாலும் உயிரோட இருக்கும். தையில நுனியையும் அடியையும் கழிச்சுட்டு, வெட்டினா பால் வர்ற நடுப்பகுதியை மட்டும் கரணையா போடு.

கிழங்கு கறுக்கறது அழுகல் இல்லம்மா, தோண்டறப்போ பட்ட காயத்துல காத்து பட்டு ரெண்டு மூணு நாள்ல நீலக் கோடு கோடா ஓடும். மரவள்ளி உருளைக்கிழங்கு மாதிரி மூட்டையில கிடக்காது. தோண்டறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டுட்டா அந்தக் கறுப்பு தள்ளிப்போகும். அடி இலை பழுத்து உதிர்ந்து, தண்டு சுத்தி மண்ணு வெடிச்சிருந்தா கிழங்கு ரெடி. முந்தின நாள் தண்ணி விட்டு, கடப்பாரையால தண்டுகிட்ட குத்தாம ரெண்டு அடி தள்ளி நெம்பி, தண்டைப் பிடிச்சு அப்படியே தூக்கு, கிழங்கை காம்போட வெட்டு, ஒடிக்காத.

புரட்டாசில ஒரே நாள்ல எல்லாத்தையும் தோண்டணும்னும் இல்ல. ஆவணி கடைசிலேர்ந்து வாரத்துக்கு ஒரு செடியா எடுத்துட்டு வந்தா மழை வர்றதுக்குள்ள கொல்லை காலியாகிடும், வீட்டுலயும் தெருவுலயும் எல்லாரும் புதுக்கிழங்கா சாப்பிடலாம். மிஞ்சினதைத் தோல் உரிச்சு துண்டு போட்டு ஃப்ரீசர்ல வை, மாசக்கணக்குல இருக்கும், வேகறதும் சீக்கிரம். ஃப்ரீசர் இல்லன்னா அரைவேக்காடா வேகவெச்சு வடிச்சு, புரட்டாசி வெயில்ல மொட்டைமாடில வெள்ளைத்துணி விரிச்சு கலகலன்னு காய வெச்சு டப்பால போட்டு வெச்சுக்கோ. மழை நாள்ல ஊறப்போட்டு வேகவெச்சு, கடுகு, காஞ்ச மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, மேல தேங்காய் துருவிப் போட்டுக் குடு.